பவர் ஸ்டியரிங் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஜாக்கி வாங்குங்க

(ஒலி வடிவில் வெளிவந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "எங்க வீட்ல ஒரு பழைய கார் இருக்கு. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு, கியர் போட்டா கரகரன்னு சத்தம் வருது. பவர் ஸ்டியரிங் போடலாமா? அஞ்சு கியர் பாக்ஸ் மாட்டலாமா?" இதுதான் கேள்வி.

மாட்டலாம். ஆனால் நான் அந்த வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தவன். அதனால் என் மகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். அதனால் இன்றைக்கு என் வண்டியைப் பற்றியே சொல்கிறேன். அதிலேயே உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கு.

வண்டி எது?

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு வண்டி. இளைய நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டிரையம்ஃப் ஹெரால்ட் 1959ல் இங்கிலாந்தில் வந்த கார். அதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அதை நம்ம மெட்ராஸில் செய்தது. நாலு கதவு ஹெரால்ட் 1968ல் இங்கே மட்டும் வந்தது, இங்கிலாந்தில் கிடையாது. எஞ்சின் 948 சி.சி. சின்ன எஞ்சின், ஆனால் நல்ல பிள்ளை.

இந்த வண்டியின் பெருமையே அதன் ஸ்டியரிங்தான். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றுக்கு முப்பதடிக்கு மேல் வேணும். மயிலாப்பூர் சந்துகளில் என் அப்பா இதை ஒரே மூச்சில் திருப்புவதைப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடிப்பார். அது எனக்கு ஞாபகம் இருக்கு. அப்படி இருந்த ஸ்டியரிங் என் கைக்கு வந்தபோது இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்கணும். உறைக்கலை.

நான் செய்த தப்பு

என் மகள் காலேஜ் இரண்டாம் வருஷம். லைசென்ஸ் வாங்கியதும் தாத்தா வண்டியைத்தான் ஓட்டுவேன்னு பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஓட்டிட்டு வருவோம். மூணாவது வாரமே சொன்னாள், "அப்பா, ஸ்டியரிங் ரொம்ப ஹெவியா இருக்குப்பா. திருப்பினா தானா திரும்பி வரவும் மாட்டேங்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய வண்டின்னா அப்படித்தான்மா. கை பழகிடும்."

அதே நேரத்தில் நான் இரண்டு விஷயங்களுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, புதுக் கார்களில் வருகிற மோட்டார் வைத்த ஸ்டியரிங் காலம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் எடுத்து இதில் பொருத்துவது. இரண்டு, அஞ்சு கியர் பாக்ஸ். மகள் சிரமப்படக் கூடாதுன்னு நல்ல எண்ணம்தான்.

ஒரு சனிக்கிழமை ஈ.சி.ஆரில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டு வந்தோம். மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பு கேட்டுக்குள் அவள் வண்டியைத் திருப்புகிறாள். நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தாள். 'டக்'னு ஒரு சத்தம். இடது பக்க மட்கார்டு டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தின் கீழ்ப் பாகம் தனியாகக் கழன்று, சக்கரம் கால் மடிந்த மாதிரி சாய்ந்து கிடந்தது.

அவள் முதலில் கேட்டது, "அப்பா, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

இருபத்திநாலு மணி நேரம் முன்னால் அதே சக்கரம் ஈ.சி.ஆரில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் உடனே பதில் சொல்லலை, சொல்ல முடியலை.

என்ன உடைந்தது?

சரி, இப்போ தொழில்நுட்பத்துக்கு வருவோம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தாக நிற்கும் ஒரு எஃகுத் துண்டு. அதை வெர்ட்டிக்கல் லிங்க் என்பார்கள். மேலே அது ஒரு பால் ஜாயிண்டில் உட்காரும். கீழே பால் ஜாயிண்ட் கிடையாது. லிங்கின் அடி முனையில் போல்ட் மாதிரி த்ரெட் வெட்டியிருக்கும். அந்தத் த்ரெட், டிரன்னியன் என்கிற வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகுத் த்ரெட் வெண்கலத்துக்குள் சுழல்கிறது. பாட்டில் மூடியைக் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடுகிற மாதிரி. வண்டியின் எடையும் அதன் வழியாகத்தான் இறங்குது.

இந்த அமைப்பு மோசமானது இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே எண்ணெய் இருக்கணும். கிரீஸ் இல்லை, எண்ணெய். ஈ.பி.-90 கியர் ஆயில். எண்ணெய் த்ரெட்டின் அடிவரைக்கும் வழிந்து போகும், உள்ளே வரும் தண்ணீரையும் தள்ளிவிடும். கிரீஸ் மேல் இரண்டு மூன்று சுற்றிலேயே நின்று, நாளடைவில் காய்ந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். அதுக்குக் கீழே மழைத் தண்ணீர் தேங்கும், எஃகு துருப்பிடிக்கும். துரு பிடித்த த்ரெட் வெண்கலத்துக்குள் சுழல மறுக்கும். அப்போ திருப்புகிற விசை முழுக்க லிங்கை முறுக்குகிறது. த்ரெட் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு விரிசல் விழுந்து, மெல்ல மெல்ல வளரும். ஒருநாள் முழுசா ஒடிக்கும்போது முறியும்.

நான் மாசம் ஒருமுறை கிரீஸ் கன்னை வைத்து அதில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். நிப்பிள் இருக்கு, அப்போ கிரீஸ்தானே அடிக்கணும்? பெருமையாகவே செய்தேன்.

உடைந்த லிங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் முறிந்த முகத்தை விரலால் தடவினார். பாதிக்கு மேல் பழுப்பு, மீதி பளபளன்னு வெள்ளை. "தம்பி, பழுப்பா இருக்கறது போன வருஷமே உடைஞ்சது. வெள்ளையா இருக்கறதுதான் நேத்து உடைஞ்சது" என்றார்.

அப்போதான் எனக்குப் புரிந்தது. ஸ்டியரிங் கனமானதே இதனால்தான். தானாகத் திரும்பி வராததும் இதனால்தான். மோட்டார் வைத்த ஸ்டியரிங்கைப் பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கை சிரமப்படாது. மகள் புகார் சொல்ல மாட்டாள். மோட்டார் அந்தத் துருப்பிடித்த த்ரெட்டை இன்னும் பலமாக முறுக்கும். சாலையில் எங்கே முறிந்திருக்கும்னு யோசிக்கவே நான் விரும்பலை.

உங்கள் வண்டியில் எப்படிப் பார்ப்பது?

எந்தப் பழைய காராக இருந்தாலும் இது பொருந்தும். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயமாக ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கையால் பிடியுங்க.

முதலில் மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்க. ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். மிதித்தும் நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட் அல்லது டிரன்னியன்.

அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து அசையுங்க. இங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட், இல்லைன்னா ஸ்டியரிங் ராக்.

கடைசியாக, சக்கரம் இரண்டும் காற்றில் தொங்கும்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்க. தரையில் கனமாக இருப்பது டயரின் உராய்வு, காற்றழுத்தம் குறைவு, அகல டயர் இவற்றால் இருக்கலாம். காற்றிலும் கனமாக இருந்தால், உள்ளே ஏதோ இறுகியிருக்கு. எது என்று கண்டுபிடிக்க டை ராடைக் கழற்றி, சக்கரத்தை மட்டும் கையால் திருப்புங்க. சக்கரம் இறுக்கமா, ராக் இறுக்கமா என்று தெரிந்துவிடும். என் வண்டியில் வலது பக்கச் சக்கரமும் இறுக்கம். அதுவும் போகிற நிலையில்தான் இருந்தது.

ஸ்டியரிங்கில் செய்த வேலை

ஒரு பக்கம் உடைந்தால் இரண்டு பக்கமும் மாற்றணும், அதில் பேரமே கிடையாது. டிரன்னியன் இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள், ஏன்னா டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டிகளுக்கும் இதே அமைப்புதான். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: வலது பக்கத்துக்கு வலது த்ரெட், இடது பக்கத்துக்கு இடது த்ரெட். மாற்றித் திருகவே முடியாது.

லிங்குக்குப் பழைய சாமானில் மூன்று கிடைத்தது. மூன்றையும் சுத்தம் செய்து விரிசல் சோதனை செய்தோம். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு, கோடாக வெளியே வரும். கண்ணுக்கு நல்லாத் தெரிந்த ஒரு லிங்கில் மயிரிழை அளவு சிவப்புக் கோடு வந்தது. அதைத் தூக்கி எறியாமல் மேஜையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் காட்டுவதற்கு.

மாட்டும்போது டிரன்னியனை முழுசாகத் திருகி, பிறகு இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்க இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பின்னால் எடுக்கணும். அடி வரைக்கும் இறுக்கி விட்டால் ஒடிக்கும்போது முட்டும்.

ராக்கைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் எண்ணெய் பட்டு வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ராக்கே நகரும், பிறகுதான் சக்கரம் திரும்பும். இங்கே நான் ஒரு அப்கிரேடு செய்தேன்: ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டைகள். லேத்தில் ஒரு மணி நேர வேலை. சாலையின் அதிர்வு கொஞ்சம் கூடுதலாகக் கைக்கு வரும், ஆனால் ஸ்டியரிங் அப்படியே கூர்மையாகிவிட்டது.

ராக்கின் நடுவில் பல் தேய்ந்து கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஏன்னா நேராக ஓட்டுவதுதான் அதிகம். அந்த ஆட்டத்தைப் போக்க நடுவில் வைத்து இறுக்காதீங்க. கோடியில் பல் தேயாமல் இருப்பதால் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். கோடியிலிருந்து கோடிவரை சீராகத் திரும்புகிற அளவுக்கு மட்டும் இறுக்கணும். அதுக்கு மேல் நடுவில் ஆட்டம் மிச்சம் இருந்தால் ராக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கியர் பாக்ஸ்: அங்கேயும் அதே பாடம்

இரண்டாம் கியர் போட்டால் கரகரன்னு சத்தம். நான் சிங்க்ரோ போயிடுச்சு, பாக்ஸே மாத்தணும்னு முடிவு செய்திருந்தேன். பாய் ஒரு சோதனை சொன்னார். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து, பத்து எண்ணுங்க. பிறகு ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸில் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் பத்து விநாடியில் உள்ளே எல்லாம் நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். சத்தம் வந்தால் கிளட்ச் விடவில்லைன்னு அர்த்தம்.

என் வண்டியில் சத்தம் வந்தது. காரணம் பெடலில். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. நான் மிதிப்பதில் ஒரு பங்கு அந்த ஓட்டையிலேயே வீணாகிறது. ஓட்டைக்குப் புஷ் போட்டு, புதுப் பின், கீழே சிலிண்டருக்கு ரப்பர் கிட், காற்றை எடுத்துவிட்டோம். சத்தத்தில் முக்கால்வாசி போயே போச்சு.

மீதிக் கால்வாசிக்குப் பாக்ஸைத் திறந்தோம். திறப்பதற்கு முன்னால் காதால் கேட்டே ஒன்று சொல்லலாம். ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளைச் சத்தம், நாலில் அமைதி என்றால் லே ஷாஃப்ட் பேரிங். காரணம் இதுதான்: முதல் மூன்று கியரில் எஞ்சினின் விசை கீழே லே ஷாஃப்டுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறுது. நாலில் மேல் ஷாஃப்ட் இரண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்ட் சும்மா சுற்றும். அதன் மேல் பாரம் இல்லை, அதனால் சத்தமும் இல்லை.

ஹெரால்டில் ஒரு வசதி. பாக்ஸை இறக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். முன் சீட்டைக் கழற்றி, நடு டனல் மூடியைத் திறந்தால் பாக்ஸ் வண்டிக்குள்ளேயே வந்துவிடும். எடுத்துப் பார்த்தால் லே ஷாஃப்டில் குழி குழியாக அரிப்பு, ஊசி பேரிங்கெல்லாம் கீறல். இரண்டாம் கியரின் பித்தளை சிங்க்ரோ வளையமும் தேய்ந்திருந்தது. வளையத்தைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தினால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியணும். என்னுடையது போய் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டினால் வளையம் கூம்பைப் பிடிக்காது, வேகம் சமமாகும் முன்னாலேயே பல்லோடு பல் மோதும். லே ஷாஃப்ட், ஊசி பேரிங், வளையம், ஆயில் சீல் மாற்றினோம். முதல் கியரில் இந்த வண்டிக்குச் சிங்க்ரோவே கிடையாது. அது கோளாறு இல்லை. வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர்.

எண்ணெய் ஊற்றும்போது கவனம்: ஜி.எல்.-4 ஊற்றுங்க. ஜி.எல்.-5 பின் ஆக்ஸிலுக்கு நல்லது, ஆனால் அதில் உள்ள கூடுதல் ரசாயனம் பித்தளை வளையத்தை நாளடைவில் அரிக்கக்கூடும். "நம்பர் பெரிசு, அதனால ஒசத்தி" என்று கடையில் சொன்னால் கேட்காதீங்க.

அப்போ அஞ்சு கியர்?

இது நியாயமான கேள்வி. என் வண்டியின் ஆக்ஸில் விகிதத்தை நானே எண்ணினேன். ஒரு பின் சக்கரத்தைத் தரையில் வைத்து, மற்றதை மட்டும் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, 4.875. அதன்படி நாலாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 3,700 சுற்று சுற்றுது. 0.8 விகிதத்தில் அஞ்சாம் கியர் இருந்தால் அது 3,000க்குக் கீழே இறங்கும். காதுக்கும் எஞ்சினுக்கும் பெரிய நிம்மதிதான்.

ஆனால் அதுக்கு வேற வண்டியின் பாக்ஸ் வேணும். அதை இந்த எஞ்சினோடு சேர்க்க அடாப்டர் தகடு வேணும். இரண்டு ஷாஃப்டும் ஒரே மையக் கோட்டில் உட்காரணும், டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் விட்டால் முன் பேரிங் சீக்கிரமே சாகும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்யணும். டனலையும் மாற்றணும்.

இன்னொரு வழி, பின்னாளில் வந்த 1200 சி.சி. ஹெரால்டின் 4.11 விகித ஆக்ஸில். 80க்கு 3,100 சுற்றாகும். ஆனால் எல்லாக் கியரும் சேர்ந்து நீளும். 948 சி.சி. எஞ்சினோடு ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலேயே திணற வேண்டியதுதான்.

சட்டத்தையும் சொல்லிடணும். 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு உண்டு. டனலை வெட்டுவதற்கு முன்னால் அதையும் யோசியுங்க.

நான் மாற்றவில்லை. இப்போ 65ல் போகிறோம், 3,000 சுற்று. நாலாம் கியரில் சத்தமே இல்லை. அஞ்சு கியருக்குச் சேர்த்த பணத்தில் முன்பக்கம் முழுசும், கியர் பாக்ஸும், இரண்டு சீட் பெல்ட்டும் முடிந்துவிட்டது. நீங்க நெடுந்தூரம் போகிறவர் என்றால் உங்கள் கணக்கு வேற மாதிரி வரலாம். போடுங்க, தப்பில்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் சக்கரத்தைத் தாங்குவது, அப்புறம் திருப்புவது, அப்புறம் கிளட்ச், அப்புறம் பாக்ஸ், கடைசியில் அப்கிரேடு.

கடைசியாக ஒன்று

வேலை முடிந்து அப்பாவின் டூல் பாக்ஸைச் சுத்தம் செய்தேன். அதில் ஒரு சின்ன பம்ப் கன் கிடந்தது. கிரீஸ் உள்ளே நிற்காமல் ஒழுகுதுன்னு, ரிப்பேரான கிரீஸ் கன் என்று நினைத்து வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தேன். பாயிடம் காட்டினேன். "இது ஆயில் கன் தம்பி. உங்கப்பா இதுலதான் டிரன்னியனுக்கு ஆயில் அடிச்சிருப்பார்" என்றார். வேலை செய்து பார்த்தோம், நல்லாவே இருக்கு.

இப்போ மூணு மாசத்துக்கு ஒருமுறையும், மழைக்காலம் தொடங்கும் முன்னாலும், பழைய எண்ணெய் வெளியே கசியும்வரை அடிக்கிறோம். அந்த வேலை மகளுடையது. அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு அப்புறம் பதில் சொன்னேன்: "நீ தப்பு பண்ணலைம்மா. நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் கேக்கலை."

அடுத்த எபிசோடில் பழைய டிரம் பிரேக்குகளைப் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும், வீட்டில் பழைய வண்டி இருக்கிறவங்க இந்த ஞாயிற்றுக்கிழமை முன்பக்கத்தை ஒருமுறை தூக்கி, சக்கரத்தை அசைத்துப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.